கவையும் கண்ணாடிப் படியும்: நிரற்களஞ்சியங்களைப் பல தளங்களில் ஒத்திசைத்தல்

ஒரு நூலுக்குப் படிகள் பல கிடைக்குமாயின், அவற்றுள் எது எதனைப் பார்த்து எழுதப்பட்டது, எவ்விடத்தே பிரிந்தது, பிரிந்தபின் எக்கை எதனைச் சேர்த்தது என ஆராய்வது பதிப்பாசிரியரின் முதற்கடன் ஆகும். உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-ஆம் ஆண்டு பதிப்பித்தபொழுது ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடங்களைத் துணிந்தார் என்பதை இவ்விதழைப் பயில்வோர் நன்கறிவர். எழுதி முடித்த படியை மூலத்தோடு மீண்டும் வைத்து ஒத்துப் பார்க்கும் வாய்ப்பு ஏடெழுதினோர்க்கு அரிதாயிருந்தது. இன்றோ அவ்வாய்ப்பு கணந்தோறும் உளது. எனினும் படிகள் பிறழ்கின்றன. சிலபொழுது, ஒத்துப் பார்க்கும் செயலே அழிவுக்குக் காரணமாகின்றது. கணிப்பொறி நிரல்களைச் சேமித்து வைக்கும் களஞ்சியங்களில் இவ்வியப்பு நிகழும் முறையை ஈண்டு விளக்க முற்படுகின்றோம். சொல்லடைவு, தொடரடைவு, எழுத்துரு, நூற்பதிவு ஆகியவற்றுக்குரிய நிரல்கள் தமிழ்த்துறைகளிலும் புகுந்துவிட்டமையின், இப்பொருள் நமக்குப் புறம்பானது அன்று.

முதற்கண் சில சொற்களை வரையறை செய்துகொள்வோம். நிரலின் கோப்புகளையும், அவை நாளடைவில் அடைந்த மாற்றங்களின் வரலாற்றையும் ஒருங்கே கொண்டிருப்பது களஞ்சியம். மாற்றம் ஒன்றைச் செய்தவர் பெயரும் நாளும் குறிப்பும் சேர்த்து வரலாற்றில் ஏற்றுவது பதிவு. பதிவுகளின் தொடர்ச்சி கிளை. பிறர் களஞ்சியம் ஒன்றை முழுமையாகப் படியெடுத்து, அதன்மேல் தம் போக்கில் திருத்தங்கள் செய்யத் தொடங்குவாராயின், அது கவை எனப்படும். ஒரு கொம்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும் வடிவை நினைக. கவை பிரிவதற்கு இடமான மூலக் களஞ்சியத்தை ஆற்றின் மேற்போக்கு என்னும் பொருள்பட ஆங்கிலத்தார் வழங்குவர். நமக்குத் தலைமடை என்னும் சொல் இருக்கின்றது, அதனையே கொள்வோம். இக்களஞ்சியங்களை இணையவழி வைத்துக் காக்கும் கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட், கோட்பெர்க் முதலிய இடங்களைத் தளம் எனக் குறிப்போம்.

ஒரு கவையை இரண்டு தளங்களில் வைக்க வேண்டுவது யாதுக்கு எனின், தளங்கள் நிலையுடையன அல்ல என்பதே விடை. கிட்டோரியஸ் என்னும் தளம் 2015-இல் கிட்லேப் நிறுவனத்தின் கைக்கு மாறி, அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. கூகுள் கோட் 2016 சனவரியில் மூடப்பட்டது. பிட்பக்கெட் இன்றும் உளதெனினும், மெர்க்கூரியல் என்னும் முறையில் அமைந்த களஞ்சியங்களுக்கு இடந்தருவதை 2020-இல் கைவிட்டது. யூடியூப்-டிஎல் என்னும் நிரலின் களஞ்சியம் பதிப்புரிமை பற்றிய முறையீடு ஒன்றின்பேரில் 2020 அக்டோபரில் கிட்ஹப் தளத்தினின்று விலக்கப்பட்டு, அடுத்த திங்களில் மீண்டது. மீளாதிருந்திருப்பின் பிற தளங்களில் இருந்த படிகளே அதற்குப் புகலாயிருந்திருக்கும்.

இனி, இரண்டிடத்தில் உள்ள படிகள் ஒன்றே எனத் துணிவது யாங்ஙனம்? இவ்விடத்தில் நம் ஏட்டுச் சுவடிகளுக்கு இல்லாத ஓர் ஏற்றம் இக்களஞ்சியங்களுக்கு உண்டு. லினசு டோர்வால்ட்சு 2005 ஏப்பிரலில் இயற்றிய கிட் என்னும் முறையில், ஒவ்வொரு பதிவுக்கும் நாற்பது குறிகள் கொண்ட ஓர் அடையாளம் அமைகின்றது. அது யாரோ இட்ட வரிசை எண் அன்று. பதிவின் உள்ளடக்கம், செய்தவர் பெயர், காலம், குறிப்பு, அதற்கு முந்திய பதிவின் அடையாளம் ஆகிய அனைத்தையும் ஒரு கணக்குமுறைக்கு உட்படுத்திப் பெறுவது. முந்திய பதிவின் அடையாளத்துள் அதற்கு முந்தியதும் அடங்கியிருத்தலின், கடைசிப் பதிவின் அடையாளம் ஒன்றே வரலாறு முழுமைக்கும் முத்திரையாகின்றது. சுவடியின் ஒவ்வோர் ஓலையும் தனக்கு முற்பட்ட ஓலைகள் அனைத்தின் சாயலையும் தன் ஓரத்தில் தாங்கியிருந்தால், இடையில் ஒரு புள்ளியை மாற்றினும் கடையோலை காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா? அத்தகைய அமைப்பு இது.

இதன் பயன் 2011-ஆம் ஆண்டு விளங்கிற்று. லினக்சு கருநிரலின் இருப்பிடமான கெர்னல் டாட் ஆர்க் சேவையகங்களுள் அயலார் புகுந்தமை அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் வெளிப்பட்டு, அவ்விடம் சில வாரம் இயங்காதாயிற்று. டோர்வால்ட்சு செப்டம்பரில் தம் களஞ்சியத்தைக் கிட்ஹப் தளத்தில் வைத்து வேலையைத் தொடர்ந்தார். இடம் மாறியது; ஆயினும், முன்னரே படி வைத்திருந்தவர் எவரும் அடையாளத்தை ஒப்பிட்டு, புதிய இடத்தில் இருப்பது பழைய வரலாறே என்று தெளிய முடிந்தது. களஞ்சியத்தின் தன்மை அதன் இருப்பிடத்தைச் சார்ந்தது அன்று என்பது இதனாற் போதரும்.

இத்துணைச் சிறந்த ஒப்பீட்டுக் கருவி இருப்பவும் அழிவு நேர்வது எவ்வாறு? படி என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு பொருள்களைக் குறித்து மயங்குவதே அதற்குக் காரணம் என்பது எம் துணிபு. கண்ணாடிப் படி, காப்புப் படி, கவை ஆகியவை அம்மூன்று. கண்ணாடிப் படி மூலத்தில் இருப்பதை அப்படியே காட்டும். மூலத்தில் ஒன்று அழியின் தன்னிடத்தும் அழிக்கும். காப்புப் படி மூலத்தில் அழிந்ததையும் தன்னிடத்தே வைத்திருக்கும். கவையோ மூலத்தில் இல்லாததையும் உடையது. கண்ணாடிப் படியைக் காப்புப் படி என்று கருதுவோர் மூலத்தின் அழிவோடு படியையும் இழப்பர். கவையைக் கண்ணாடிப் படிபோல் நடத்துவோர் தம் உழைப்பையே இழப்பர்.

முதல் மயக்கத்திற்கு 2013 மார்ச்சுத் திங்களில் கேடிஇ திட்டத்தார்க்கு நேர்ந்தது தக்க சான்று. கேடிஇ என்பது உலகெங்கும் உள்ள தன்னார்வலர் பலர் கூடி வளர்க்கும் பெரிய நிரற்றொகுதி. அவர்தம் களஞ்சியங்கள் ஏறத்தாழ 1500 ஒரு முதற் சேவையகத்தில் இருந்தன; அவற்றின் கண்ணாடிப் படிகள் பிற சேவையகங்கள் பலவற்றில் இருந்தன. பராமரிப்பிற்காக நிறுத்தி மீண்டும் இயக்கிய அளவில், முதற் சேவையகத்தின் கோப்பமைப்புப் பழுதுற்றிருந்தமை தெரியவந்தது. அதற்குள் கண்ணாடிச் சேவையகங்கள் தம் கடமையைத் தவறாது செய்து முடித்திருந்தன. எக்களஞ்சியங்கள் உள்ளன என்னும் பட்டியலை முதலிடத்தினின்று பெற்று, அதில் இல்லாதவற்றை நீக்குவது அவற்றின் முறை. பட்டியலோ பழுதுற்றுக் கிடந்தது. மூலம் அழிந்தது என்று படிகளும் அழிந்தன. புதிதாக நிறுவப்பட்ட ஒரு சேவையகத்தில் மட்டும் பழுதுறாத படி எஞ்சியிருந்தமையால் அத்திட்டம் உய்ந்தது. அவ்வொன்று தப்பியமை ஏற்பாட்டின் சிறப்பால் அன்று. நல்லூழால் என்றே கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் மயக்கத்திற்குப் பிறரிடம் சான்று தேட வேண்டியதில்லை. எம் அனுபவமே போதும். சொல்லடைவு செய்யும் நிரல் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் கவைத்தெடுத்து, ஒரு தளத்தை முதலகமாகவும் மற்றொன்றைத் துணையகமாகவும் வைத்திருந்தோம். இரவுதோறும் இரண்டு மணிக்கு ஒரு கணிப்பொறி முதலகத்தைப் பார்த்துத் துணையகத்தை அவ்வாறே ஆக்கும்படி ஏற்பாடு. ஒருநாள் மாலை முதலகம் திறக்கவில்லை. ஆய்வு மாணவர் ஒருவர், வேலை தடைப்படலாகாது என எண்ணித் துணையகத்தின் பக்கத்திலேயே நேரே திருத்தங்கள் செய்தார். மெய்யெழுத்தை அகரமேறிய எழுத்துக்கு முன் வைப்பதா பின் வைப்பதா, கிரந்த எழுத்துகளை எங்கே நிறுத்துவது என்பன பற்றிய பதினொரு பதிவுகள் அவை. இரவு இரண்டு மணிக்கு அவை முதலகத்தில் இல்லாதவை என்ற காரணத்தால் கிளையினின்று மறைந்தன. தம் கணிப்பொறியில் வேலை செய்திருப்பின், கிட் முறை இயல்பாகவே சில வாரங்கள் வைத்திருக்கும் உள்நாட்குறிப்பைக் கொண்டு மீட்டிருக்கலாம். தளத்தின் பக்கத்தில் எழுதியமையின் அவரிடம் ஒரு படியும் இல்லை. ஏழு திருத்தங்களை நினைவிலிருந்தும் குறிப்பேட்டிலிருந்தும் மீண்டும் எழுதினார். நான்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அம்மாணவர்மேல் குற்றம் இல்லை. துணையகத்தின் எழுதும் வாயிலைத் திறந்து வைத்தவர் யாமே.

இவ்விழப்பின்பின் யாம் மேற்கொண்ட நெறி ஒன்று உண்டு. ஒவ்வொரு கிளைக்கும் எழுதும் உரிமை ஓரிடத்துக்கே இருத்தல் வேண்டும். பிறவிடங்களில் அக்கிளை பெறப்படுமேயன்றி எழுதப்படாது. களஞ்சியம் முழுமைக்கும் ஒரே தலைமை வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. ஒரு கிளைக்கு ஒரு தளமும் மற்றொரு கிளைக்கு மற்றொரு தளமும் தலைமையாயிருப்பினும் இழுக்கில்லை. ஒரு கிளைக்கு இரு தலைமை இருப்பதே கேடு. ஒத்திசைத்தல் என்பதை இரண்டையும் ஒன்றுபோலாக்கும் தொழில் என்று பலரும் கருதுகின்றனர். எத்திசையில் ஒன்றுபோலாக்குவது என்று முன்னரே துணியாவிடின், அத்தொழிலைச் செய்யும் பொறி யாதொன்றையும் காவாது.

செய்முறையை இனிக் காண்போம். தளங்கள் தத்தம் எல்லைக்குள் கவையை அறியும். கிட்ஹப் தளத்திலேயே தலைமடையும் கவையும் இருப்பின், தலைமடையின் புதுமையைக் கவைக்குக் கொணர ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். தலைமடை ஒரு தளத்திலும் கவை வேறொரு தளத்திலும் இருப்பின், அவ்வுறவை எத்தளமும் தானே அறியாது. அவ்வுறவு நம் கணிப்பொறியில் உள்ள படியிலேயே அமைதல் வேண்டும். அப்படிக்குத் தொலைவிடங்கள் மூன்றைப் பெயரிட்டுக் கற்பிக்கலாம்: தலைமடை, முதலகம், துணையகம். தலைமடையினின்று பெறுதல் மட்டுமே. அங்கே அனுப்புவதற்குரிய முகவரியைப் பயனற்ற ஒரு சொல்லாக மாற்றி வைத்துவிடுதல் நன்று. தவறிக் கைபட்டாலும் ஒன்றும் நேராது.

பெற்றதை நம் திருத்தங்களோடு சேர்ப்பதில் இருநெறி உண்டு. தலைமடையின் வரலாற்றையும் நம் வரலாற்றையும் ஒரு புதிய பதிவால் முடிச்சிடுவது ஒன்று, இது இணைப்பு. நம் திருத்தங்களைக் கழற்றியெடுத்துத் தலைமடையின் புதுநிலைமேல் ஒவ்வொன்றாக மீண்டும் அடுக்குவது மற்றொன்று. இதனை அடிமாற்றம் என்னலாம். அடிமாற்றத்தால் வரலாறு நேர்கோடாகப் படிக்க இனிதாகும். ஆயின் முந்திய பதிவு மாறினமையின் நம் பதிவுகள் அனைத்தின் நாற்பது குறிகளும் மாறிவிடும். அவை புதிய பதிவுகள் என்றே கொள்ளப்படும். முன்னர் இரு தளங்களிலும் வைத்தவற்றை வலிந்து அழித்தாலன்றி இப்புதியவற்றை அங்கே ஏற்றல் இயலாது. இடையில் நம் கவையைப் படியெடுத்துச் சென்றவர் கையில் உள்ளது பழங்கதையாகும். எனவே பல தளங்களில் வாழும் கவைக்கு இணைப்பே தக்கது என்பது எம் கருத்து. இதனை மறுப்போரும் உளர்.

மறுப்போர் காட்டத்தக்க நல்ல சான்று பார்ஜேயோ. இது எசுப்பராந்தோ மொழியில் கொல்லுலையைக் குறிக்கும் சொல்லினின்று பெற்ற பெயர். களஞ்சியத் தளம் ஒன்றை நாமே நிறுவிக்கொள்ள உதவும் நிரல் இது. இதன் வழிமரபு சுவையுடையது. காக்ஸ் என்னும் நிரலினின்று 2016-இல் கிட்டீ கவைத்தது. கிட்டீயின் பெயருரிமை ஒரு வணிக நிறுவனத்திற்குச் சென்றமை 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட, அதனை விரும்பாதோர் அவ்வாண்டு இறுதியில் பார்ஜேயோவைத் தொடங்கினர். தலைமடையாகிய கிட்டீ கிட்ஹப் தளத்தில். கவையாகிய பார்ஜேயோ, பெர்லினைச் சார்ந்த கோட்பெர்க் சங்கத்தின் தளத்தில். இரு தளங்களுக்கு இடையே கவையை ஒத்திசைக்கும் சிக்கல் முழுவதையும் இவர்கள் பொதுவெளியிலேயே நிகழ்த்திக் காட்டினர் எனலாம். தொடக்கத்தில் இவர்கள் மென்கவையாக இருந்தனர். அஃதாவது, தம் திருத்தங்களைக் கிட்டீயின் புதுநிலைமேல் மீண்டும் மீண்டும் அடுக்கி, அடிமாற்ற நெறியையே பின்பற்றினர். திருத்தம் சிறிதாயிருக்கும்வரை அது நடந்தது. திருத்தம் பெருகப் பெருக, ஒவ்வோர் அடுக்கலிலும் முரண்களைக் கையால் தீர்க்கும் சுமை பெருகிற்று. 2024 பிப்ரவரியில் இவர்கள் வன்கவையாகப் பிரிந்ததை அறிவித்தனர். அதன்பின் கிட்டீயின் பதிவுகளுள் வேண்டியவற்றை மட்டும் தெரிந்தெடுத்துக்கொள்ளும் முறைக்கு மாறினர்.

ஈண்டுத் தலைமடை உவமையின் எல்லையும் தெரிகின்றது. வாய்க்கால் நீர் மேலேறாது, நிரற்பதிவு ஏறும். கவையில் செய்த நல்ல திருத்தத்தைத் தலைமடையார் ஏற்றுக்கொள்ளலாம். அதுவே கவையின் சுமையைக் குறைக்கச் சிறந்த வழி. ஏனெனில் தலைமடை ஏற்ற திருத்தத்தை நாம் காத்துச் சுமக்க வேண்டுவதில்லை. ஆயினும் உரிமநெறி இப்போக்கை அடைத்துவிடக் கூடும். பார்ஜேயோ 2024-இல் தன் உரிமத்தைக் குனூ பொது உரிமமாக மாற்றிக்கொண்டது; கிட்டீயோ எம்ஐடி உரிமத்தில் உள்ளது. எம்ஐடி உரிமத்தில் உள்ளதைப் பார்ஜேயோ எடுத்தாளலாம். பார்ஜேயோவின் புதியனவற்றைக் கிட்டீ தன் உரிமத்தை மாற்றாது எடுத்தாளல் இயலாது. நீர் மீண்டும் ஒருவழிப்பட்டது. மடையடைத்தது பொறியியல் அன்று, சட்டம். கவை தொடங்குவோர் தளத்தையும் கருவியையும் ஆராயுமுன் உரிமத்தை ஆராய்தல் வேண்டும் என்று யாம் வற்புறுத்துவது இதுபற்றியே.

முதலகத்தினின்று துணையகத்திற்கு அனுப்பும் முறையில் சில நுணுக்கங்கள் உள. கண்ணாடி அனுப்பல் என்றொரு கட்டளை கிட் முறையில் உண்டு. அது எல்லாக் கிளைகளையும் குறிகளையும் வலிந்து ஒன்றாக்கும். அனுப்பும் இடத்தில் இல்லாதவற்றைப் பெறும் இடத்தில் அழிக்கும். எம் பதினொரு பதிவுகளை விழுங்கியது இக்கட்டளையே. அதனினும், பெயர் சுட்டிய கிளைகளை மட்டும் இயல்பான முறையில் அனுப்புவது மேல். துணையகத்தில் நாம் அறியாத பதிவு ஏதேனும் இருப்பின் இயல்பான அனுப்பல் மறுக்கப்படும். அம்மறுப்பைக் கண்டு எரிச்சலுற்று வலிந்து அனுப்புவோர் பலர். அங்கே யாரோ எழுதியிருக்கின்றார் என்று பொறி நமக்குக் கூறும் ஒரே இடம் அதுதான். வலிந்து அனுப்பியே ஆகவேண்டிய இடத்து, நாம் கடைசியாகக் கண்ட நிலை மாறாதிருந்தால் மட்டும் வலிக என்னும் கட்டளையும் உண்டு. அதனைப் பயன்கொள்க. பின்னணியில் தானே பெறுதல் நடக்கும்படி கணிப்பொறியை அமைத்திருப்போர் அதனையும் நம்பற்க. நாம் காணாததைப் பொறி கண்டுவிட்டதாகக் கணக்கிட்டுக்கொள்ளும்.

கிட்ஹப் தளத்தினின்று கண்ணாடி முறையில் எடுத்த படியை மீண்டும் ஒரு கிட்ஹப் களஞ்சியத்துக்கு அவ்வாறே அனுப்பினால், இணைப்பு வேண்டுகோள்களுக்கென்று அத்தளம் வைத்திருக்கும் மறைகுறிகள் ஏற்கப்படாமல் பிழைச்செய்தி வரும். புதியோர் இதனைக் கண்டு முழுவதும் பழுதாயிற்று என அஞ்சுவர். கிளைகள் சென்று சேர்ந்திருக்கும். ஒரே பெயருக்கு இரண்டு அனுப்பு முகவரிகளைக் கொடுத்து, ஒரு கட்டளையால் இரு தளங்களுக்கும் அனுப்புவதும் உண்டு. முதன்முதல் அனுப்பு முகவரியைச் சேர்க்கும்பொழுது இயல்பாக இருந்த முகவரி அனுப்புதற்கு உதவாது போகும். ஆதலின் இரண்டையும் வெளிப்படச் சேர்த்தல் வேண்டும். அன்றியும், ஒரு தளம் ஏற்று மற்றொன்று மறுக்கும் நிலையும் நேரும். இரண்டும் ஒருங்கே நிகழும் அல்லது ஒருங்கே நிகழாது என்னும் உறுதி இம்முறையில் இல்லை. நேரங்குறித்துத் தானே நிகழும் பணிகளைக் கிட்ஹப் தளத்தில் அமைப்போர், பொதுக்களஞ்சியம் ஒன்றில் 60 நாள் செயலெதுவும் இல்லையாயின் அப்பணிகள் நிறுத்தப்படும் என்பதை நினைவிற் கொள்க. கவை உறங்கினால் காவலும் உறங்கும்.

களஞ்சியத்தோடு செல்லாதவையும் உள. பெருங்கோப்புகளை வேறாக வைக்கும் எல்எஃப்எஸ் முறையில் களஞ்சியத்தினுள் இருப்பது ஒரு சுட்டு மட்டுமே. பொருளைத் தனியே அனுப்ப வேண்டும். ஓலைச்சுவடிகளின் ஒளிப்படங்களை இவ்வாறு வைத்திருப்போர், துணையகத்தில் சுட்டுகளை மட்டும் சேர்த்துவிட்டு நிறைவுற்றிருத்தல் கூடும். முதலகம் அழியும்நாளில்தான் உண்மை தெரியும். பிழையறிக்கைகளும், அவற்றின்மேல் நடந்த உரையாடல்களும், இணைப்பு வேண்டுகோள்களும் கிட் வரலாற்றில் இல்லை. அவை தளத்தின் தரவுத்தளத்தில் உள்ளன. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் தளத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டு, ஏறத்தாழ ஆறு மணிநேரத்துச் செய்திகள் மீளாது போயின. களஞ்சியங்கள் பழுதுறவில்லை, அவற்றைச் சூழ்ந்த உரையாடல்களே இழப்புற்றன. உரையின்றி மூலம் மட்டும் எஞ்சிய நூல்களைக் கையாண்டவர்க்கு இவ்விழப்பின் அளவு விளங்கும். ஒரு பாடத்தை ஏன் கொண்டோம், மற்றதை ஏன் தள்ளினோம் என்னும் காரணங்களைப் பதிவின் குறிப்பிலேயே எழுதிவிடும் வழக்கத்தை யாம் கைக்கொண்டுள்ளோம். குறிப்பு வரலாற்றோடு செல்லும். எத்தளத்திற்குச் சென்றாலும் உடன் இருக்கும்.

இன்று எம் கவையின் அமைப்பு இது. தலைமடையின் சாயலாக ஒரு கிளை. அதில் யாம் எழுதுவதில்லை. எம் திருத்தங்களுக்கு ஒரு கிளை; தலைமடைச் சாயலை மாதம் ஒருமுறை அதனோடு இணைக்கின்றோம். துணையகத்தில் எழுதும் உரிமை ஒரு பொறிக்கு மட்டுமே உண்டு. அதன் முகப்பில், திருத்துவோர் முதலகத்திற்குச் செல்க என ஒரு வரி. முதலகம் திறவாத நாளில் மாணவர் தம் கணிப்பொறியிலேயே பதிவு செய்து காத்திருக்கின்றனர். வாரந்தோறும் மூன்றிடத்தின் கடைசிப் பதிவுகளையும் நாற்பது குறிகளால் ஒப்பிடுகின்றோம். முதலகத்தில் நீக்கிய கிளைகளைத் துணையகத்திலும் நீக்குவதா என்பதில் எம்முள் கருத்து வேறுபாடு உண்டு. நீக்கினால் ஒழுங்கு, நீக்காவிடின் குப்பை. இப்போதைக்கு நீக்குவதில்லை, முடிந்துபோன முயற்சிகளின் கிளைகள் அங்கே பல கிடக்கின்றன. காணாமற்போன நான்கு திருத்தங்களுள் ஒன்றை ஒத்ததோர் அரைகுறை வடிவம் அவற்றுள் ஒன்றில் சென்ற ஆண்டு கிடைத்தது.